கையில் ஒரே ஒரு மாதிரி: எந்தச் சோதனையைத் தேர்ந்தெடுப்பது?

கையில் பத்துப் பன்னிரண்டு எண்கள். அதை வைத்து ஒரு கருதுகோளைச் சோதிக்க வேண்டும். மென்பொருளைத் திறந்தால் இசட் சோதனை, டி சோதனை, குறிச் சோதனை, வில்காக்ஸன், பூட்ஸ்ட்ராப் என்று வரிசை கட்டி நிற்கின்றன. ஆய்வு மாணவர்கள் பலர் இந்த இடத்தில், போன வருடம் சீனியர் எதைப் போட்டாரோ அதையே போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். வாய்மொழித் தேர்வில் "ஏன் இந்தச் சோதனை?" என்று கேட்டால் பதில் வருவதில்லை.

இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்தால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஒன்று, நீங்கள் அறிய நினைப்பது சராசரியையா, அல்லது பெரும்பாலோருக்கு எந்தப் பக்கம் மாற்றம் என்பதையா? இரண்டு, கணக்கில் போடும் திட்ட விலக்கம் (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) எங்கிருந்து வந்தது? இதைக் கற்பனை எண்களை வைத்துச் சொல்வதைவிட, புள்ளியியல் வரலாற்றிலேயே பேர் பெற்ற ஒரு மாதிரியை எடுத்து, எல்லாச் சோதனைகளையும் அதன்மேல் ஓட்டிப் பார்த்துவிடலாம்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ மனநல மருத்துவமனையில், தூக்க மருந்துகளைப் பற்றி குஷ்னி, பீபிள்ஸ் என்ற இருவர் ஓர் ஆய்வு செய்து 1905இல் வெளியிட்டார்கள். அதில் பத்து நோயாளிகளின் கணக்கை 1908இல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் எழுதிய வில்லியம் கோசெட் எடுத்துக்கொண்டார். மருந்து இல்லாத இரவுகளைவிட ஒவ்வொரு மருந்திலும் எத்தனை மணி நேரம் கூடுதலாகத் தூங்கினார்கள் என்பது தரவு. ஒவ்வொருவருக்கும் இரண்டாம் மருந்து தந்த கூடுதல் தூக்கத்திலிருந்து முதல் மருந்து தந்ததைக் கழித்தால் கிடைப்பவை இவை:

1.2, 2.4, 1.3, 1.3, 0.0, 1.0, 1.8, 0.8, 4.6, 1.4

இந்தக் கழித்தல்தான் முதல் முடிவு, பலர் கவனிக்காமல் தாண்டிவிடும் முடிவும் இதுதான். இரண்டு மருந்துகளின் எண்களையும் தனித்தனிக் குழுக்களாக வைத்து இரு மாதிரி டி சோதனை போட்டால் பி மதிப்பு, அதாவது வித்தியாசமே இல்லாவிட்டாலும் இவ்வளவு விலகிய முடிவு வருவதற்கான வாய்ப்பு, 0.079. அதே எண்களை நோயாளிவாரியாகக் கழித்து ஒரே மாதிரியாக்கினால் 0.0028. தூக்கம் ஆளுக்கு ஆள் மிகவும் வேறுபடுகிறது. கழித்தவுடன் அந்த வேறுபாடு கணக்கிலிருந்து விலகி, மருந்தின் வித்தியாசம் மட்டும் நிற்கிறது. உங்கள் தரவில் ஒரே ஆளை இரண்டு முறை அளந்திருந்தால், உங்களிடம் இருப்பது இரண்டு மாதிரி அல்ல, ஒரு மாதிரிதான்.

இன்மைக் கருதுகோள், இரண்டு மருந்துக்கும் வித்தியாசம் இல்லை, அதாவது இந்த எண்களின் உண்மைச் சராசரி பூச்சியம் என்பது. மாதிரியின் சராசரி 1.58 மணி, திட்ட விலக்கம் 1.23, திட்டப்பிழை (மாதிரியின் சராசரி எவ்வளவு தடுமாறும் என்ற அளவு) 0.389. சராசரியைத் திட்டப்பிழையால் வகுத்தால் 4.06.

இசட்டா, டியா?

இரண்டிலும் வரும் எண் இதே 4.06தான். அதை எந்தப் பரவலோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் வேறுபாடு. மணி வடிவ இயல்நிலைப் பரவலோடு ஒப்பிட்டால், அதாவது இசட் சோதனையில், இருமுனை (இரு திசை விலகலையும் எண்ணும்) பி மதிப்பு 0.00005. டி பரவலோடு, 9 கட்டின்மைக் கூறுகளில் (எண்ணிக்கையில் ஒன்று குறைவு) ஒப்பிட்டால் 0.0028. ஐம்பது மடங்குக்கு மேல் வித்தியாசம். முடிவு இங்கே மாறவில்லை என்பது இந்தத் தரவின் அதிர்ஷ்டம். பத்து எண்களில் இதே வகுத்தல் 2.1 என்று வந்திருந்தால் இசட் "நிராகரி" என்றிருக்கும், டி "பொறு" என்றிருக்கும். 5% மட்டத்தில், அதாவது பி மதிப்பு 0.05க்குக் கீழே வந்தால் நிராகரிப்பது என்று வைத்தால், இசட்டின் எல்லை எப்போதும் 1.96. டியின் எல்லை பத்து எண்களுக்கு 2.262, ஐந்து எண்களுக்கு 2.776.

இந்த வித்தியாசம் ஏன் வருகிறது என்பதைக் கோசெட்டின் வேலையைப் பார்த்தால் புரியும். அவர் டப்ளினில் கின்னஸ் மதுவடிப்பாலையில் பணியாற்றியவர். பார்லி, ஹாப்ஸ் என்று அவருக்குக் கிடைத்த சோதனைகள் எல்லாம் நான்கைந்து அளவீடுகளோடு நின்றுவிடும். அவ்வளவு சிறிய மாதிரியிலிருந்து கணக்கிட்ட திட்ட விலக்கமே தடுமாறும். சில மாதிரிகளில் உண்மையைவிட மிகச் சிறியதாக வந்து, வகுத்த எண்ணைப் பொய்யாகப் பெரிதாக்கிவிடும். இதைச் சூத்திரத்தில் காட்டியதோடு அவர் விடவில்லை. 3000 குற்றவாளிகளின் உயரத்தையும் இடது நடுவிரல் நீளத்தையும் அட்டைகளில் எழுதிக் கலைத்து, நான்கு நான்காகப் பிரித்து 750 மாதிரிகளாக்கி, தன் கணக்கு சரிவருகிறதா என்று பார்த்தார். கணினி இல்லாத காலத்தில் கையால் செய்த அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதை பெருகுகிறது.

அப்படியானால் இசட் சோதனைக்கு வேலையே இல்லையா? உண்டு. திட்ட விலக்கம் இந்த மாதிரிக்கு வெளியிலிருந்து, நம்பத்தக்க நீண்ட பதிவிலிருந்து வந்தால் இசட்டே சரி. வருடக்கணக்காக ஓடும் ஒரு நிரப்பும் இயந்திரத்தின் மாறுபாடு ஆயிரக்கணக்கான அளவீடுகளால் தெரிந்திருக்கிறது, இன்றைக்குச் சராசரி நகர்ந்ததா என்பது மட்டும் கேள்வி என்றால், எட்டே பொட்டலங்கள் எடை போட்டாலும் இசட் போடலாம். மாதிரியிலிருந்தே திட்ட விலக்கத்தை எடுத்துவிட்டு இசட் போடுவதுதான் தவறு. "30க்கு மேல் இசட், 30க்குள் டி" என்று வகுப்பில் சொல்வது அச்சிட்ட அட்டவணையைப் புரட்டிய காலத்துச் சுருக்குவழி. 30 எண்களுக்கு டியின் எல்லை 2.045, மென்பொருள் அதைத் தானே பார்த்துக்கொள்ளும். எண்ணிக்கை எவ்வளவானாலும் டியே போடுங்கள்.

எக்செல் பயன்படுத்துபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதில் ஒரு மாதிரி டி சோதனைக்கென்று தனிச் சூத்திரம் கிடையாது, ஆனால் இசட்.டெஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. அதில் திட்ட விலக்கத்தைத் தராமல் விட்டால், சத்தமில்லாமல் மாதிரியிலிருந்தே எடுத்துக்கொள்ளும். போதாததற்கு அது தருவது ஒருமுனை மதிப்பு. நம் பத்து எண்களைப் போட்டால் 0.000024 என்று காட்டும். அதை அப்படியே ஆய்வேட்டில் ஒட்டினால் தேர்வாளரிடம் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். இதற்கு எளிய வழி உண்டு: பக்கத்துப் பத்தியில் பூச்சியங்களை நிரப்பி, டி.டெஸ்ட் சூத்திரத்தில் இருமுனையையும் இணை வகையையும் தேர்ந்தெடுங்கள். வருவது ஒரு மாதிரி டி சோதனையின் விடைதான்.

அந்த 4.6

பட்டியலில் ஒன்பதாவது எண் கண்ணை உறுத்துகிறது. மற்றவர்கள் எல்லாம் 0க்கும் 2.4க்கும் நடுவே இருக்க, ஒருவருக்கு மட்டும் 4.6 மணி. டி சோதனை இந்த எண்ணை எப்படிப் பார்க்கிறது என்பதைச் சற்று நின்று கவனிக்க வேண்டும், ஏனென்றால் இங்கேதான் அதன் பலவீனம் தெரிகிறது.

4.6ஐ எடுத்துவிட்டுக் கணக்கிடுவோம். சராசரி 1.58இலிருந்து 1.24 ஆகக் குறைகிறது. இரண்டாம் மருந்துக்கு ஆதரவான மிகப் பெரிய சான்றை நீக்கிவிட்டோம். டி மதிப்பு குறையும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அது 4.06இலிருந்து 5.66 ஆக ஏறுகிறது! திட்ட விலக்கம் 1.23இலிருந்து 0.66க்கு இறங்கிவிட்டதே காரணம்.

இப்போது எதிர்ப்பக்கம். அந்த நோயாளி 4.6 அல்ல, 14.6 மணி கூடுதலாகத் தூங்கினார் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மருந்து இன்னும் பலமாக வேலை செய்ததாகத்தானே பொருள்? டி மதிப்போ 1.91க்குச் சரிகிறது, பி மதிப்பு 0.09 அருகே போய், "வித்தியாசம் நிரூபணமாகவில்லை" என்று விடை வருகிறது. ஒரே ஒரு எண் சாதகமான பக்கமே நீண்டு முடிவைக் கவிழ்த்துவிட்டது.

இதனால் டி சோதனை கெட்டது என்று ஆகாது. அது கேட்கும் கேள்வி சராசரியைப் பற்றியது. ஒற்றை எண் சராசரியை இவ்வளவு இழுக்கும்போது, "சராசரி எங்கே இருக்கிறதென்று எனக்கு உறுதியில்லை" என்று அது சொல்வது நேர்மையான பதில்தான். நம் கேள்வி வேறாக இருந்தால் சோதனையும் வேறாக இருக்க வேண்டும்.

திசையை மட்டும் கேட்டால்

குறிச் சோதனையைப் போல எளிய சோதனை இல்லை. எண்ணின் அளவை மறந்துவிட்டு, கூட்டலா கழித்தலா என்று மட்டும் பாருங்கள். பத்தில் ஒன்று பூச்சியம், அது விலகிக்கொள்ளும். மிச்சம் ஒன்பதும் கூட்டல் பக்கம். வித்தியாசமே இல்லை என்றால் ஒவ்வொருவருக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஒன்பதும் ஒரே பக்கம் விழும் வாய்ப்பு, இரு பக்கத்தையும் சேர்த்து, 512இல் 2. பி மதிப்பு 0.0039. மனக்கணக்கிலேயே போட்டுவிடலாம். 4.6ஐ 14.6 ஆக்கினாலும் 46 ஆக்கினாலும் இது அசையாது.

இந்த முறை டி சோதனையைவிட இருநூறு ஆண்டு மூத்தது. லண்டனில் 1629இலிருந்து 82 ஆண்டுகளாக ஒவ்வோர் ஆண்டும் பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கே அதிகமாக ஞானஸ்நானம் நடந்திருப்பதைப் பார்த்து, இது தற்செயலாக இருக்க முடியாது என்று ஜான் அர்பத்நாட் 1710இல் வாதிட்டார். அரையை 82 முறை பெருக்கினால் வரும் எண்தான் அவருடைய பி மதிப்பு. அதிலிருந்து தெய்வத்தின் திட்டத்துக்கு அவர் தாவியதை ஏற்க வேண்டியதில்லை. கணக்கு சரியான கணக்கு.

குறிச் சோதனைக்குக் கொடுக்கும் விலை, அளவு பற்றிய தகவல் முழுவதையும் இழப்பது. இரண்டாம் மருந்து அந்த ஒன்பது பேருக்கும் ஐந்தே நிமிடம் கூடுதல் தூக்கம் தந்திருந்தாலும் அதே 0.0039தான் வரும். மருத்துவருக்கு அது போதுமா? போதாது. தரவு இயல்நிலைப் பரவலுக்கு ஒட்டி இருந்தால், சிறிய வித்தியாசங்களைக் கண்டுபிடிக்கும் திறனும் இதற்கு டியைவிடக் கணிசமாகக் குறைவு.

நடுவில் நிற்பது வில்காக்ஸன் சோதனை. அமெரிக்கன் சயனமிட் நிறுவனத்தில் வேதியியலாளராக இருந்த ஃபிராங்க் வில்காக்ஸன் 1945இல் தந்தது. எண்களின் அளவை நேரடியாக எடுக்காமல், குறியை விட்டுவிட்டுச் சிறியதிலிருந்து பெரியதாகத் தரவரிசை போட்டு, கூட்டல் பக்கத் தரங்களையும் கழித்தல் பக்கத் தரங்களையும் ஒப்பிடுகிறது. இதனால் 4.6க்குக் கிடைப்பது "கடைசி இடம்" என்ற தரம் மட்டுமே, 14.6 ஆனாலும் அதே தரம்தான். நம் தரவில் எல்லாம் ஒரே பக்கம் இருப்பதால் சரியான பி மதிப்பு குறிச் சோதனையின் அதே 0.0039.

ஆனால் ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் வழக்கமான கட்டளையைப் போட்டால் 0.009 என்று வரும், இரண்டு எச்சரிக்கைகளோடு. 1.3 இரண்டு முறை வந்திருக்கிறது, ஒரு பூச்சியமும் இருக்கிறது. இந்த இரண்டும் இருந்தால் அது துல்லியக் கணக்கை விட்டுவிட்டு இயல்நிலைத் தோராயத்துக்குப் போய்விடுகிறது. எச்சரிக்கையைப் படிக்காமல் விடையை மட்டும் எடுத்தால் இரண்டு மடங்குக்கு மேல் பெரிய எண் ஆய்வேட்டில் ஏறும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். வில்காக்ஸனுக்கு நிபந்தனையே இல்லை என்று பரவலாக ஒரு நம்பிக்கை. வித்தியாசங்கள் மையத்தின் இரு பக்கமும் ஏறக்குறையச் சமச்சீராக இருந்தால்தான் அதன் விடையை இடைநிலை அளவு (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு) பற்றியதாக வாசிக்கலாம். ஒரு பக்கம் நீண்டு சாய்ந்த தரவில் இடைநிலை அளவைச் சோதிக்க வேண்டுமென்றால் குறிச் சோதனையே பத்திரம்.

ரொம்பச் சிறிய மாதிரியோடு வருபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஐந்தே எண்கள் இருந்தால், ஐந்தும் ஒரே பக்கம் விழுந்தாலும் குறிச் சோதனையோ வில்காக்ஸனோ தரக்கூடிய மிகச் சிறிய இருமுனை பி மதிப்பு 32இல் 2, அதாவது 0.0625. 5% மட்டத்தில் அந்தச் சோதனை எந்தக் காலத்திலும் நிராகரிக்காது. ஐந்து எண்ணோடு "வில்காக்ஸன் போட்டேன், வித்தியாசம் இல்லை" என்று எழுதுவதில் பொருளே இல்லை. ஆறு எண்ணிலிருந்துதான் (0.031) அதற்கு வாயே திறக்கிறது.

பூட்ஸ்ட்ராப் பற்றிச் சுருக்கமாக. பிராட்லி எஃப்ரான் 1979இல் முன்வைத்தது. கையிலுள்ள எண்களையே திரும்பத் திரும்பக் குலுக்கி எடுத்துச் சராசரியின் தடுமாற்றத்தை மதிப்பிடும். பெரிய மாதிரிக்கும், சூத்திரம் இல்லாத அளவைகளுக்கும் அருமையான கருவி. பத்து எண்களுக்கு அதன் எளிய சதமான நம்பிக்கை இடைவெளி (உண்மைச் சராசரி இருக்கும் என்று மதிப்பிடும் எல்லை) டி தருவதைவிடக் குறுகலாகவே வரும். இல்லாத உறுதியைக் காட்டும். இந்த அளவு மாதிரிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முதலில் இயல்நிலைச் சோதனை போடலாமா?

பல ஆய்வேடுகளில் ஒரு சடங்கு நடக்கிறது. முதலில், தரவு இயல்நிலைப் பரவலிலிருந்து விலகுகிறதா என்று பார்க்கும் ஷாப்பிரோ-வில்க் சோதனை; 0.05க்கு மேல் வந்தால் டி, கீழே வந்தால் வில்காக்ஸன். இதை நிறுத்த வேண்டும் என்று எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. பத்து எண்களில் அந்தச் சோதனைக்குக் கோணலைக் கண்டுபிடிக்கும் திறன் மிகக் குறைவு. ஆயிரம் எண்களில், டி சோதனைக்கு எந்தக் கெடுதலும் செய்யாத சின்னக் கோணலைக்கூட அது பிடித்துக்கொள்ளும். உதவி வேண்டிய இடத்தில் கிடைக்காது, வேண்டாத இடத்தில் கத்தும். அதைவிட, சராசரியா இடைநிலையா என்ற ஆய்வாளரின் கேள்வியை இன்னொரு சோதனையின் பி மதிப்பிடம் ஒப்படைப்பது முறையே இல்லை. எண்களைப் புள்ளிகளாக ஒரு கோட்டில் போட்டுப் பாருங்கள், 4.6 போன்றது தானாகத் தெரியும்.

இயல்நிலைக்குக் காட்டும் கவலையில் பாதியைச் சார்பின்மைக்கு (ஓர் எண் இன்னொன்றைச் சாராமல் இருப்பதற்கு) காட்டினால் நன்றாக இருக்கும். பத்து நோயாளிகள் என்பது பத்து எண்கள். ஒரே நோயாளியின் பத்து இரவுகளைப் பத்து எண்களாக எழுதினால் மேலே சொன்ன எந்தச் சோதனையும் உதவாது, எவ்வளவு பெரிய மென்பொருளானாலும் சரி. குஷ்னியும் பீபிள்ஸும் ஒவ்வொருவருக்கும் பல இரவுகளை அளந்தார்கள். ஆனால் ஸ்டூடன்ட் எடுத்தது ஆளுக்கு ஒரு சராசரி.

ஒருமுனையா இருமுனையா என்பது எண்களைப் பார்ப்பதற்கு முன்பே எழுதிவைக்க வேண்டிய முடிவு. ஸ்டூடன்ட் ஒருமுனையாகவே யோசித்து, இரண்டாம் மருந்து மேலானது என்பதற்கு 666க்கு 1 என்று பந்தயக் கணக்கில் எழுதினார். இன்றைக்கு அப்படி வாசிக்கக் கூடாது. பி மதிப்பு, வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொண்டால் இவ்வளவு விலகிய முடிவு வருவதற்கான வாய்ப்பு. மருந்து மேலானதாக இருப்பதற்கான வாய்ப்பு அல்ல. எதிர்த்திசை முடிவு வந்தாலும் உங்களுக்கு அது செய்திதான் என்றால் இருமுனையே போடுங்கள்.

முதல் மருந்தை மட்டும் தனியாகப் பூச்சியத்தோடு ஒப்பிட்டால் சராசரி 0.75 மணி, பி மதிப்பு 0.22. இரண்டாம் மருந்தைத் தனியாக ஒப்பிட்டால் சராசரி 2.33, பி மதிப்பு 0.005. "ஒன்று தேறியது, ஒன்று தேறவில்லை, ஆகவே இரண்டும் வேறு" என்று எழுதும் பழக்கம் பரவலாக உண்டு. அது வாதமே அல்ல. வேறுபாட்டைச் சொல்ல வேண்டுமென்றால் வேறுபாட்டையே, நாம் கழித்துப் பெற்ற அந்தப் பத்து எண்களையே, சோதிக்க வேண்டும். முதல் மருந்தின் 95% நம்பிக்கை இடைவெளி −0.53இலிருந்து 2.03 மணி வரை. இரண்டு மணி நேரத் தூக்கம் கூட்டுவதையும் அரை மணி குறைப்பதையும் ஒருசேர அனுமதிக்கும் இடைவெளியை வைத்துக்கொண்டு, "பயனில்லை" என்று எப்படிச் சொல்வது? "தெரியவில்லை" என்பதுதான் பதில்.

அதனால் என் தேர்வு இதுதான். அளவுத் தரவு, சிறிய மாதிரி, திட்ட விலக்கம் மாதிரியிலிருந்தே வருகிறது என்றால் டி சோதனையை முன்னே வையுங்கள், ஆனால் பி மதிப்பைவிட இடைவெளிக்கு முதலிடம் கொடுங்கள்: இங்கே 0.70இலிருந்து 2.46 மணி வரை. பக்கத்தில் குறிச் சோதனையையும் ஒரு வரியில் சொல்லுங்கள். இரண்டும் ஒத்துப்போனால், தனித்து நிற்கும் எண்ணால் வந்த முடிவல்ல என்று வாசிப்பவருக்குத் தெரிந்துவிடும். ஒத்துப்போகாவிட்டால் பிடித்ததை எடுத்துக்கொள்ளாமல், ஏன் முரண்படுகின்றன என்று எழுதுங்கள். வழக்கமான நோயாளிக்கு என்ன ஆகும் என்பதே கேள்வி என்றால் தொடக்கத்திலேயே இடைநிலை அளவுக்குப் போய்விடுங்கள்: இங்கே அது 1.3 மணி, குறிச் சோதனை வழியே அதன் இடைவெளி 0.8இலிருந்து 2.4 வரை, ஏறக்குறைய 98% நம்பிக்கையோடு. ஆம், இல்லை என்ற தரவு மட்டும் இருந்தால் டி பக்கமே போக வேண்டாம். ஈருறுப்புப் பரவலின் துல்லியச் சோதனை போதும், குறிச் சோதனையும் அதுவேதான்.

அப்புறம், மூல எண்களைப் பின்னிணைப்பில் கட்டாயம் அச்சிடுங்கள். ஸ்டூடன்ட் தன் கட்டுரையில் மருந்துகளின் பெயரைத் தவறாகக் குறித்துவிட்டார். 1905ஆம் ஆண்டுக் கட்டுரையில் முழு அட்டவணையும் இருந்ததால்தான் பின்னால் வந்தவர்களால் அதை ஒப்பிட்டுத் திருத்த முடிந்தது.